வயிற்றில் ஒரு வாசல்: கொலோஸ்டமி அறுவை சிகிச்சையை அறிவோம்



"வயித்துல பை வச்சிடுவாங்களாம் ஃபாதர். அதுக்கு இப்படியே இருந்துட்டுப் போயிடலாம்." காட்டூரிலும் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மற்ற மீனவக் கிராமங்களிலும் நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் குருக்கள் அவ்வப்போது கேட்கிற வார்த்தை இது. மருத்துவர் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பார். வீட்டில் பணமும் ஒருவாறு திரட்டியிருப்பார்கள். ஆனாலும் 'பை' என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் நோயாளி மருத்துவமனையை விட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். நாட்டு மருந்து, எண்ணெய், பத்தியம் என்று சில மாதங்கள் ஓடிவிடும். மீண்டும் மருத்துவமனைக்குப் போகும்போது, "கொஞ்சம் முன்னால வந்திருக்கலாமே" என்கிறார் மருத்துவர்.

நோயைவிடப் பையைக் கண்டு பயந்ததால் உயிரை இழந்தவர்கள் உண்டு. இந்தப் பயத்துக்குக் காரணம் பெரும்பாலும் அறியாமையே. அந்தப் பை என்ன, ஏன் வைக்கிறார்கள், எத்தனை வகை, எப்போது எடுப்பார்கள் என்று யாரும் நமக்கு நிதானமாகச் சொல்வதில்லை. மலம் பற்றிய பேச்சு என்பதால் நாமும் கேட்பதில்லை. எனவே இன்றைய சிந்தனையில் கூச்சத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் பற்றிப் பேசுவோம். நான் மருத்துவன் அல்ல. உங்கள் உடல்நிலைக்கு எது ஏற்றது என்பதை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும். அவர் சொல்வதைப் பயமின்றிக் கேட்டுப் புரிந்துகொள்ள இந்தக் கட்டுரை உதவினால் போதும்.

நம் குடலின் பாதை

நாம் உண்ணும் உணவு இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குச் செல்கிறது. சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளமுள்ளது. உணவின் சத்தை உடல் பெருமளவு எடுத்துக்கொள்வது இங்கேதான். மிஞ்சிய சக்கை நீராக இருக்கும் நிலையில் பெருங்குடலுக்கு வருகிறது. பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர். அது நம் வயிற்றின் ஓரங்களில் ஒரு சட்டம் போல அமைந்திருக்கிறது. வலப்பக்கம் மேலே ஏறுவது ஏறுகுடல். வயிற்றின் குறுக்கே இடப்பக்கம் போவது குறுக்குக்குடல். இடப்பக்கம் கீழே இறங்குவது இறங்குகுடல். அதன் முடிவில் நெளிந்து செல்வது வளைகுடல். அதற்குப் பின் மலக்குடல், கடைசியாக ஆசனவாய்.

பெருங்குடலின் முக்கிய வேலை நீரை உறிஞ்சுவது. ஏறுகுடலில் தண்ணீராக இருக்கும் கழிவு குறுக்குக்குடலில் கூழாகி, வளைகுடலை அடையும்போது கெட்டியாகிவிடுகிறது. மலக்குடல் அதைச் சேர்த்துவைக்கிறது. ஆசனவாயைச் சுற்றியுள்ள சுருக்குத் தசை நாம் விரும்பும் நேரம் வரை அடக்கிவைக்கிறது. இந்த இரண்டு செய்திகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொலோஸ்டமியின் வகைகளைப் புரிந்துகொள்ள இவை போதும்.

கொலோஸ்டமி என்றால் என்ன?

பழவேற்காடு முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது நம் மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடலுக்கும் ஏரிக்கும் தொடர்பு அற்றுப்போகும். நீர் தேங்கும், மீனும் இறாலும் குறையும், படகு கடலுக்குப் போக முடியாது. அப்போது மணலை வெட்டி வழி திறந்தால்தான் ஏரி பிழைக்கும்.

கொலோஸ்டமியும் இப்படித்தான். குடலின் கீழ்ப்பாதை அடைபட்டாலோ, புண்பட்டாலோ, அதை வெட்டி எடுக்க வேண்டிவந்தாலோ, அதற்கு மேலே உள்ள பெருங்குடலை வயிற்றின் முன்பக்கத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து, மலம் செல்ல ஒரு புதிய வழியைத் திறக்கிறார்கள். அந்தத் திறப்புக்கு 'ஸ்டோமா' என்று பெயர். கிரேக்க மொழியில் அதற்கு 'வாய்' என்று பொருள்.

ஸ்டோமா பார்ப்பதற்கு நம் கன்னத்தின் உட்புறம் போலச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். அதைத் தொட்டால் வலிக்காது, ஏனெனில் குடலின் உட்புறத்தில் தோலில் உள்ளது போன்ற வலி நரம்புகள் இல்லை. அதைச் சுற்றி அடக்கும் தசை இல்லாததால் மலமும் காற்றும் தாமாக வெளியேறும். அதனால்தான் அதன்மேல் ஒரு பையை ஒட்டிவைக்கிறார்கள். பை உடலுக்கு உள்ளே இல்லை, வெளியே ஒட்டியிருக்கிறது. அதைக் கழற்றலாம், மாற்றலாம். 'வயிற்றுக்குள்ளே பை வைத்துத் தைத்துவிடுவார்கள்' என்று நம்மிடையே சிலர் நினைப்பது சரியல்ல.

ஏன் செய்கிறார்கள்?

இதற்குப் புற்றுநோய் மட்டுமே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். காரணங்கள் பல.

முதலாவது, மலக்குடல் அல்லது பெருங்குடல் புற்றுநோய். கட்டி வழியை அடைத்துவிட்டாலும், ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்தாலும் கொலோஸ்டமி தேவைப்படலாம்.

இரண்டாவது, குடல் அடைப்பும் குடல் ஓட்டையும். வளைகுடல் முறுக்கிக்கொண்டாலோ, குடலில் ஓட்டை விழுந்து மலம் வயிற்றுக்குள் கசிந்தாலோ, சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து. சீழ் பிடித்த வயிற்றுக்குள் குடலை உடனே இணைத்துத் தைத்தால் அந்தத் தையல் பிரிந்துபோகக்கூடும். எனவே மலத்தை வெளியே திருப்பிவிட்டு நோயாளியை முதலில் காப்பாற்றுகிறார்கள்.

மூன்றாவது, காயங்கள். சாலை விபத்து, கத்திக்குத்து, மாடு முட்டியதால் குடலிலோ ஆசனவாய்ப் பகுதியிலோ ஏற்படும் ஆழமான காயம் ஆகியவை. அந்த இடத்தில் மலம் படாமல் இருந்தால்தான் புண் ஆறும்.

நான்காவது, பிறவிக் குறைபாடு. சுமார் 5,000 குழந்தைகளில் ஒரு குழந்தை ஆசனவாய் சரியாகத் திறக்காமல் பிறக்கிறது. வேறு சில குழந்தைகளுக்குக் குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இருக்காது. அதனால் அந்தப் பகுதி மலத்தைத் தள்ளாது. இதை ஹிர்ஷ்பிரங் நோய் என்கிறார்கள். இக்குழந்தைகள் பலருக்குப் பிறந்த சில நாள்களிலேயே கொலோஸ்டமி செய்து, சில மாதங்களுக்குப் பின் ஆசனவாயைச் சீரமைத்து, அது ஆறியதும் ஸ்டோமாவை மூடிவிடுகிறார்கள். குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலப் பள்ளிக்குப் போகும்.

ஐந்தாவது, மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே ஓட்டை விழுதல். சிக்கலான பிரசவத்திற்குப் பிறகோ, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற பிறகோ சில பெண்களுக்கு இது நேரலாம். அந்தப் பெண்கள் வெளியே சொல்ல முடியாமல் படும் துயரம் மிகப் பெரியது. அவர்களில் பலருக்குக் கொலோஸ்டமி ஒரு விடுதலை.

இந்த அறுவை சிகிச்சையின் வரலாறும் ஒரு குழந்தையிடமிருந்துதான் தொடங்குகிறது. 1710ஆம் ஆண்டு பிரான்சில் அலெக்சி லித்ரே என்ற மருத்துவர், ஆசனவாய்க் குறைபாட்டால் இறந்த ஒரு பச்சிளங்குழந்தையின் உடலை ஆராய்ந்து, குடலை வயிற்றின் வழியே திறந்திருந்தால் இக்குழந்தை பிழைத்திருக்கலாம் என்று கருதினார். 1793ஆம் ஆண்டு அதே நாட்டில் துரே என்ற மருத்துவர், பிறந்து சில நாளே ஆன ஒரு குழந்தைக்கு அதைச் செய்துகாட்டினார். மயக்க மருந்தும் கிருமிநாசினியும் இல்லாத அந்தக் காலத்தில் அறுவை செய்யப்பட்ட அக்குழந்தை 45 வயது வரை வாழ்ந்தது.

எத்தனை வகை?

கொலோஸ்டமியை மூன்று கேள்விகளைக் கொண்டு வகைப்படுத்தலாம்: எந்த இடத்தில்? எந்த வடிவில்? எவ்வளவு காலத்துக்கு?

*எந்த இடத்தில்?*

வளைகுடல் கொலோஸ்டமி மிகவும் பரவலானது. வயிற்றின் இடப்பக்கம் கீழே இருக்கும். பெருங்குடலின் பெரும்பகுதி வேலை செய்துகொண்டிருப்பதால் மலம் ஏறக்குறைய வழக்கம் போலக் கெட்டியாக, நாளுக்கு ஓரிரு முறை வரும்.

இறங்குகுடல் கொலோஸ்டமியும் இடப்பக்கமே இருக்கும். மலம் ஓரளவு கெட்டியாக வரும்.

குறுக்குக்குடல் கொலோஸ்டமி வயிற்றின் மேற்பகுதியில் இருக்கும். மலம் கூழ்போல, அடிக்கடி வரும். இது பெரும்பாலும் தற்காலிகமாகச் செய்யப்படுவது.

ஏறுகுடல் கொலோஸ்டமி வலப்பக்கம் இருக்கும். கழிவு தண்ணீராகவே வரும். இது அரிது.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று இலியோஸ்டமி. சிறுகுடலின் கடைசிப் பகுதியை, பெரும்பாலும் வலப்பக்கம், வெளியே திறப்பது அது. அதில் நீர் அதிகம் வெளியேறுவதால் உடல் வறண்டுபோகும் ஆபத்து உண்டு. நம் ஊர் வெயிலில் இது மிகவும் கவனிக்க வேண்டியது. "எனக்குத் திறந்திருப்பது பெருங்குடலா, சிறுகுடலா?" என்று மருத்துவரிடம் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

*எந்த வடிவில்?*

முனைத் திறப்பு: குடலை வெட்டி, மேல்முனையை மட்டும் தோலில் தைப்பது. கீழ்ப்பகுதியை முழுதும் எடுத்துவிடலாம், அல்லது மூடித் தைத்து உள்ளேயே விட்டுவைக்கலாம். நோயுள்ள பகுதியை நீக்கிவிட்டு, மலக்குடலை மூடி உள்ளே வைத்து, மேல்முனையை வெளியே கொண்டுவரும் முறைக்கு ஹார்ட்மன் அறுவை சிகிச்சை என்று பெயர். பிரான்சு நாட்டு மருத்துவர் ஆன்றி ஹார்ட்மன் 1921இல் இதை அறிவித்தார். பிற்காலத்தில் மீண்டும் இணைக்க இதில் வாய்ப்பு உண்டு. மலக்குடலையும் ஆசனவாயையும் சேர்த்து நீக்கும் முறையை 1908இல் இங்கிலாந்து மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ் விவரித்தார். இதில் கொலோஸ்டமி நிரந்தரமானது.

வளையத் திறப்பு: குடலை முழுதும் வெட்டாமல், ஒரு வளையமாக வெளியே இழுத்து, மேற்புறத்தை மட்டும் திறப்பது. வளையம் உள்ளே போய்விடாதபடி சில நாள்களுக்கு அடியில் ஒரு சிறிய குச்சியை வைப்பதும் உண்டு. மூடுவது எளிது என்பதால் தற்காலிகத் தேவைக்கு இதை விரும்புகிறார்கள்.

இரட்டைத் திறப்பு: குடலை வெட்டி இரு முனைகளையும் வெளியே வைப்பது. ஒன்றில் மலம் வரும், மற்றொன்றில் சளி போன்ற நீர் மட்டும் வரும். குழந்தைகளுக்கு இந்த முறையைப் பல இடங்களில் கையாளுகிறார்கள்.

ஆசனவாயை எடுக்காமல் விட்டவர்களுக்குச் சில வேளைகளில் அதன் வழியாகச் சளி வரும். அது இயல்பானதே, பயப்பட வேண்டாம்.

*எவ்வளவு காலத்துக்கு?*

தற்காலிகம், நிரந்தரம் என இரு வகை. தற்காலிகமானதைச் சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து, கீழ்க்குடல் நன்றாக ஆறியதா என்று சோதித்துவிட்டு மூடுகிறார்கள். கீமோதெரபி முடிய வேண்டியிருந்தாலோ, நோயாளி பலவீனமாக இருந்தாலோ நாள் கூடும். சிலருக்குத் தற்காலிகம் என்று தொடங்கியதை மூட முடியாமல் போவதும் உண்டு. இதை முன்பே அறிந்திருப்பது நல்லது.

மலக்குடல் புற்றுநோய் என்றாலே நிரந்தரப் பை என்ற காலம் இன்று இல்லை. முன்கூட்டியே கதிர்வீச்சும் கீமோதெரபியும் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவதாலும், ஸ்டேப்ளர் கருவியால் குடலை மிகக் கீழே வரை இணைக்க முடிவதாலும் பலருக்கு ஆசனவாயைக் காப்பாற்ற முடிகிறது. கட்டி சுருக்குத் தசையைத் தொட்டுவிட்டால்தான் அது கடினமாகிறது. சீக்கிரம் போகிறவருக்கு நிரந்தரப் பை தவிர்க்கப்படும் வாய்ப்பு அதிகம். பைக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவருக்கோ அதே பை நிரந்தரமாகிவிடும் வாய்ப்பு கூடுகிறது. இதை நாம் நன்றாக மனத்தில் இருத்த வேண்டும்.

பை அணிந்திருந்த திருத்தந்தை

நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று. புனித திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் அவர்களும் கொலோஸ்டமியுடன் வாழ்ந்தவர். 1981 மே 13 அன்று வத்திக்கான் புனித பேதுரு சதுக்கத்தில் அவர் சுடப்பட்டார். குண்டு குடலைத் துளைத்தது. உரோமை ஜெமெல்லி மருத்துவமனையில் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக அறுவை சிகிச்சை நடந்தது. சிதைந்த குடல் பகுதிகளை நீக்கி, அவருக்குத் தற்காலிகக் கொலோஸ்டமி அமைத்தார்கள். இடையில் வீடு திரும்பிய அவர் கிருமித் தொற்றால் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஆகஸ்ட் 5 அன்று இரண்டாவது அறுவை சிகிச்சையில் அந்தத் திறப்பு மூடப்பட்டது. ஏறக்குறைய பன்னிரண்டு வாரங்கள் திருச்சபையின் தலைவர் வயிற்றில் பையுடன் இருந்தார்.

அவரே 1986 பிப்ரவரி 5 அன்று நம் சென்னைக்கு வந்து, பரங்கிமலையிலும் செபித்தார். அன்று அவரைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த உடையின் கீழ் இருந்த தழும்பு நினைவுக்கு வந்திருக்கும்? பை வைத்தவர்கள் எல்லாம் முடங்கிப்போனவர்கள் என்று எண்ணும்போது இதை நினைத்துக்கொள்வோம்.

மூலம் என்று நினைத்து ஏமாறாதீர்கள்

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் தோன்றியதற்கே மலக்குடல் புற்றுநோய் ஒரு காரணம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1920களில் தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்தார். முதலில் அது சீதபேதி என்றே கருதப்பட்டதாம். அந்த வேதனையே அவரைப் புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று போராட வைத்தது. 1954ஆம் ஆண்டு அடையாற்றில் 12 படுக்கைகளுடன் அது தொடங்கியது.

ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கடந்தும் நாம் அதே தவறைச் செய்கிறோம். மலத்தில் இரத்தம் வந்தால் 'மூலம்', 'சூடு' என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். பேருந்து நிலையச் சுவரில் விளம்பரம் ஒட்டியிருப்பவரிடம் போகிறோம். மூலமாகவே இருக்கலாம். ஆனால் அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மலத்தில் இரத்தம் அல்லது சளி, மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் மலச்சிக்கலோ வயிற்றுப்போக்கோ, போய் வந்த பின்னும் முழுதும் போகாதது போன்ற உணர்வு, காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை ஆகியவை இருந்தால் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கோ சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கோ போங்கள். மருத்துவர் விரலால் சோதிக்கும் ஒரு நிமிடச் சோதனையிலேயே மலக்குடல் கட்டிகள் பலவற்றைக் கண்டறிய முடியும். அந்த ஒரு நிமிடக் கூச்சத்தைத் தாங்கிக்கொள்வோம்.

பையுடன் அன்றாட வாழ்வு

முன்பெல்லாம் துணியும் தகர டப்பாவும் கட்டிக்கொண்டு, நாற்றத்துக்குப் பயந்து மக்கள் வீட்டுக்குள் அடைந்துகிடந்தார்கள். 1954இல் டென்மார்க் நாட்டுச் செவிலியர் எலிசே சோரென்சன், அறுவை சிகிச்சைக்குப் பின் வெளியே வரவே அஞ்சிய தம் தங்கைக்காக, தோலில் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பையை உருவாக்கினார். இன்று உலகெங்கும் பயன்படும் பைகளுக்கு அதுவே முன்னோடி. ஒரு சகோதரியின் அன்பு எத்தனை பேரை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்திருக்கிறது, பாருங்கள்!

பையில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் கழிப்பறையில் காலி செய்துவிட வேண்டும். கீழ்த்திறப்பு உள்ள பையைப் பொதுவாக மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஸ்டோமாவைச் சுற்றிச் சாதாரணத் தண்ணீரால் கழுவி, நன்றாக ஈரம் ஒற்றி எடுத்து, ஸ்டோமாவின் அளவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாகப் பையின் ஒட்டுப்பகுதியை வெட்டி ஒட்ட வேண்டும். துளை பெரிதானால் மலம் தோலில் பட்டுப் புண்ணாகும். டெட்டால், எண்ணெய், பவுடர் எதையும் நாமாகத் தடவக் கூடாது. முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஸ்டோமா சுருங்கும். எனவே அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும்.

உணவில் பெரிய தடை இல்லை. சோறு, மீன், இறால் எல்லாம் சாப்பிடலாம். நன்றாக மென்று சாப்பிட வேண்டும். முட்டைக்கோஸ், மொச்சை, பயறு ஆகியவை காற்றைக் கூட்டும். முட்டை, வெங்காயம், மீன், கருவாடு ஆகியவை வாடையைக் கூட்டலாம். தயிரும் மோரும் குறைக்கலாம். வேளை தவறினால் காற்று அதிகமாகும். எனவே தவக்காலத்தில் பட்டினி கிடக்க வேண்டாம். நோயாளிகளை நோன்புக் கடமை கட்டுப்படுத்தாது.

ஏரித் தொழிலுக்குத் திரும்ப முடியுமா என்பதே நம் மக்களின் பெரிய கேள்வி. பலரால் முடியும். காயம் முழுதும் ஆறி, மருத்துவர் அனுமதித்த பின் தண்ணீரில் இறங்கலாம். தண்ணீர் ஸ்டோமா வழியே உள்ளே போகாது. ஆனால் உப்புநீரும் வியர்வையும் ஒட்டுப்பகுதியைத் தளர்த்தும். எனவே இடுப்பளவு நீரில் இறால் தடவும் பெண்களும், வலை வீசும் ஆண்களும் பையை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும். படகில் போகும்போது ஒரு மாற்றுப் பையும் தண்ணீரும் ஒரு மூடியுள்ள பாத்திரமும் எடுத்துச் செல்லுங்கள். கழற்றிய பையை ஏரியில் எறியாதீர்கள். கனமான வலையை இழுப்பதும் ஐஸ் பெட்டியைத் தூக்குவதும் தொடக்க மாதங்களில் கூடாது. ஸ்டோமா அருகே குடல் பிதுங்கி இரணியா வரலாம். அதன் பிறகும் எவ்வளவு பாரம் தூக்கலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள். தகரக் கூரை வீட்டின் வெப்பத்தில் பையின் பசை கெட்டுவிடும். மாற்றுப் பைகளை நிழலான, குளிர்ந்த இடத்தில் வைத்திருங்கள்.

ஸ்டோமா கறுத்துப்போனாலோ, ஒரு நாளாக எதுவும் வெளியேறாமல் வாந்தியும் வயிற்றுவலியும் இருந்தாலோ, இரத்தம் நிற்காமல் வந்தாலோ, குடல் வழக்கத்தைவிட நீளமாக வெளியே தள்ளினாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். துடைக்கும்போது ஓரிரு துளி இரத்தம் கசிவது சாதாரணம்.

கணவன் மனைவி உறவுக்கும் குழந்தைப்பேற்றுக்கும் கொலோஸ்டமி தானாகவே தடையாகிவிடுவதில்லை. ஆனால் மலக்குடலை நீக்கும் அறுவையில் அருகிலுள்ள நரம்புகள் பாதிக்கப்படலாம். தம்பதியர் இதை முன்பே மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

அறுவைக்கு முன் கேட்க வேண்டியவை

ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

1. இது தற்காலிகமா, நிரந்தரமா? தற்காலிகம் என்றால் எப்போது மூடுவீர்கள்?
2. எந்தக் குடல், எந்தப் பக்கம், எந்த வடிவம்?
3. ஸ்டோமா வரும் இடத்தை அறுவைக்கு முன்பே குறித்துக் காட்டுவீர்களா? உட்கார்ந்தும், நின்றும், குனிந்தும் பார்த்து, கைலியோ சேலையோ கட்டும் இடத்தில் படாமல், நோயாளியின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அது அமைய வேண்டும். திட்டமிட்ட அறுவையில் இதைக் கேட்டுப் பெறலாம்.
4. பை மாற்றுவதை யார் கற்றுத் தருவார்? வீடு திரும்பும் முன் நோயாளியும் வீட்டில் ஒருவரும் தம் கையால் ஒருமுறையாவது மாற்றிப் பழகிவிட வேண்டும்.
5. பைகள் எங்கே கிடைக்கும்? முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எவை அடங்கும், எவை அடங்கா?

கடைசிக் கேள்வி முக்கியம். அறுவைச் செலவு ஒருமுறையோடு முடிந்துவிடும். பைச் செலவு மாதாமாதம் தொடரும். பணமில்லாமல் ஒரே பையைக் கழுவிக் கழுவிப் பல நாள் கட்டிக்கொண்டு தோல் புண்ணாகித் துன்பப்படுவோர் உண்டு.

பங்கு மக்களாகிய நாம்

ஆண்டவர் இயேசு, வெளியேயிருந்து உள்ளே போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது, அது வயிற்றுக்குள் சென்று கழிப்பிடத்துக்குப் போய்விடுகிறது, உள்ளத்திலிருந்து வரும் தீய எண்ணமே தீட்டு என்ற கருத்தைப் போதித்ததை மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நாம் பேசக் கூசுவதை அவர் கூசாமல் பேசினார். அப்படியிருக்க, பை வைத்திருக்கிறேன், கோயிலுக்கு வரலாமா, நற்கருணை வாங்கலாமா என்று ஒருவர் தயங்குகிறார் என்றால், அந்தத் தயக்கத்தை அவருக்குள் விதைத்தது யார்? தாராளமாக வரலாம். வாசகம் வாசிக்கலாம், பாடற்குழுவில் பாடலாம், தேர்பவனியில் நடக்கலாம். பூசை நேரத்தில் ஸ்டோமாவிலிருந்து காற்றுச் சத்தம் வந்தால் அவர் அடக்க முடியாது. திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் நம் பிறரன்பு.

நம்மால் செய்யக்கூடியவை சில உண்டு. வின்சென்ட் தே பவுல் சபையினர் அரிசி, மாத்திரைக்கு உதவுவது போல, ஒரு நோயாளிக்கு மாதப் பைகள் வாங்கித் தரலாம். அன்பியக் கூட்டங்களில் மலத்தில் இரத்தம் வருவதன் ஆபத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசலாம். அறுவை முடிந்து நன்றாக வாழும் ஒருவர் சம்மதித்தால், அறுவைக்குப் பயப்படும் மற்றொருவரைச் சென்று பார்த்துப் பேசலாம். பத்து மருத்துவர்கள் சொல்வதைவிட, "நானும் வச்சிருக்கேன், பாரு, வேலைக்குப் போறேன்" என்று ஒருவர் சொல்வதற்கு வலிமை அதிகம். மும்பையில் இயங்கும் இந்திய ஆஸ்டமி சங்கம் போன்ற அமைப்புகளில் நோயாளிகளே நோயாளிகளுக்குக் கைகொடுத்து வருகிறார்கள். அதை நம் கிராமத்திலும் செய்ய ஒரு சங்கம்கூடத் தேவையில்லை. இரண்டு பேர் போதும்.

உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், மருத்துவச் சீட்டைப் பெட்டியில் பூட்டிவைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பவர் யாராவது உண்டா? இந்த வாரமே அவரோடு பேசுங்கள். தேவையென்றால் மருத்துவமனைக்கு அவரோடு துணைக்குப் போங்கள். நோயுற்றோரின் ஆரோக்கியமான அன்னை மரியா அவர்களுக்காகவும் நமக்காகவும் பரிந்து பேசுவாராக.